நாற்பது சர்டிஃபிகேட்டும் ஒரு டீசல் கறை நோட்டும்

கேள்வி:

மேடம், வணக்கம். நாங்கள் ராயபுரம். அப்பா காசிமேட்டில் படகு இன்ஜின் மெக்கானிக், எட்டாவது வரை படித்தவர். அம்மா ஐந்தாவது. நான் பி.காம். முடித்துவிட்டு ராஜாஜி சாலையில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறேன். தம்பி எய்டட் ஸ்கூலில் பிளஸ் டூ, ஸ்டேட் போர்டு. முழுச் செலவையும் ஏற்றுக்கொள்ளும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இந்த வருடம் அப்ளை பண்ணுகிறான், அதில் எம்.ஐ.டி.யும் உண்டு. கிடைக்கவில்லை என்றால் நம்ம ஊர் இன்ஜினியரிங் கவுன்சிலிங். விண்ணப்பத்தோடு கூடுதலாக என்னென்ன சேர்ப்பது என்பதில்தான் வீட்டில் சண்டை. எல்.கே.ஜி.யிலிருந்து வாங்கிய நாற்பது சர்டிஃபிகேட் லேமினேட் செய்து ஃபைலில் இருக்கிறது. கேரமில் மாவட்ட அளவில் இரண்டாம் இடம். படகுகளை நன்றாக வரைவான். படகின் அடியில் தண்ணீர் ஏறினால் சத்தம் போடும் ஒரு அலாரம் செய்திருக்கிறான். வார்டு கவுன்சிலர் சிபாரிசு லெட்டர் தருகிறேன் என்கிறார், நியூ ஜெர்சியில் இருக்கும் உறவுக்கார டாக்டரும் தருவார். சித்தப்பா பையன் ட்ரோன் வைத்து வீடியோ எடுத்துத் தருகிறானாம். ஒரு ஏஜென்சி 35,000 ரூபாய் கொடுத்தால் தம்பி பெயரில் ஆராய்ச்சிக் கட்டுரையே வெளியிட்டுத் தருவதாகச் சொல்கிறது. எது உதவும் என்று நமக்கு எப்படித் தெரியும், எல்லாவற்றையும் அனுப்பிவிட்டால் நல்லதுதானே? அலாரத்தையே பார்சலில் அனுப்பலாமா? அலாரம் செய்த கதையும் வீட்டு விவரங்களும் தனித் தாளில், கூடவே படங்களும் இணைத்திருக்கிறேன். அப்பாவோடு வேலை செய்யும்போது தம்பி எழுதி வைக்கும் நோட்டு ஒன்றும் அதில் இருக்கும், அது சும்மா உங்கள் பார்வைக்கு.

ராயபுரத்திலிருந்து ஒரு அக்கா

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த ஏஜென்சி விஷயத்தை முடித்துவிடுவோம். 35,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். தம்பி எழுதாத கட்டுரையில் தம்பி பெயரைப் போடுவது பொய். விண்ணப்பத்தில் இருப்பதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போடப் போவதும் அவன்தான், பின்னால் தெரியவந்தால் கிடைத்த இடமும் போகும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். காசு வாங்கிக்கொண்டு அச்சடித்துத் தரும் பத்திரிகைகளை, விண்ணப்பத்தைப் படிக்கிறவர்கள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு பக்கத்தில் இருக்கும் உண்மையான விஷயத்தின் மீதும் சந்தேகம் விழும். உங்கள் தம்பி கையில் இவ்வளவு உண்மை இருக்கும்போது இது வேண்டவே வேண்டாம்.

அப்புறம் நீங்கள் கேட்ட பெரிய கேள்வி, எல்லாவற்றையும் அனுப்பினால் நல்லதுதானே என்பது. நல்லதில்லை. இதை உங்களுக்கு நான் விளக்கவே தேவையில்லை, உங்கள் ஆபீஸ் வேலையே இதுதான். ஒரு கன்டெய்னரை வெளியே எடுக்க இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் என்று கேட்டதை மட்டும் வைக்கிறீர்கள். ஆபீசர் கேட்காத ஒரு பழைய பேப்பரைக் கூடவே சொருகி வைத்தால் என்ன ஆகும்? அதில் இருக்கும் எடைக்கும் இதில் இருக்கும் எடைக்கும் ஏன் வித்தியாசம் என்று ஒரு குவெரி வரும், சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும். கல்லூரி விண்ணப்பத்தைப் படிக்கிறவர் குவெரி எழுதிக் கேட்க மாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். அவருக்குக் கிடைக்கிற கொஞ்ச நேரத்தை அந்த வேண்டாத பேப்பரில் செலவழித்துவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடுவார்.

பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு உதவும் இந்த வேலைக்கு நான் வந்த புதிதில் இதில் ஒரு தப்பு செய்தேன், இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது. புளியந்தோப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் தம்பிக்குப் பேச்சு சரியாக வராது. அவனுக்காக வீட்டிலேயே அட்டைகள் செய்து, எந்த எழுத்து எந்த வாரம் வந்தது என்று மூன்று வருடம் குறித்து வைத்திருந்தாள். அவள் அப்பா ஒரு கனமான சர்டிஃபிகேட் ஃபைலைக் கொண்டு வந்து கொடுத்தார். எதையும் விடக் கூடாது என்று அவர் ஆசைப்பட்டார், நானும் சரி என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து சேர்த்துவிட்டேன், அட்டைகளை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். ஒரு தனியார் பல்கலைக்கழக நேர்காணலில் அந்தக் குவியலிலிருந்து ஒரு ஒலிம்பியாட் தங்கப் பதக்கத்தை எடுத்து அதைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். பணம் கட்டிய எல்லோருக்கும் கொடுத்த பதக்கம் அது. அவளுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை, திணறியிருக்கிறாள், பத்து நிமிடம் அதிலேயே போய்விட்டது. அட்டைகளைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. அந்த இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை, ஆனால் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து யார் என்ன ஃபைலைக் கொண்டு வந்தாலும் ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: விண்ணப்பத்தில் வேறு எங்கேயும் தெரியாத எதையாவது இது காட்டுகிறதா? இல்லை என்றால் அது வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும்.

இந்தக் கேள்வியை வைத்து உங்கள் ஃபைலைப் பார்ப்போம்.

நாற்பது சர்டிஃபிகேட்டில் ஒன்றைக்கூட ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டாம். கையெழுத்துப் போட்டி, அபாகஸ், பங்கேற்புச் சான்றிதழ் இவையெல்லாம் அம்மா பத்திரப்படுத்தியவை, அவர் மனசு நோக வேண்டாம், ஆனால் அமெரிக்காவில் அவற்றுக்கு வேலை இல்லை. காமன் ஆப் என்கிற பொது விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகள் எழுத இடம் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் வெறும் 150 எழுத்துக்குறிகள், அதாவது ஒன்றரை வரி. பரிசுகளுக்குத் தனியாக ஐந்து இடம். எம்.ஐ.டி. காமன் ஆப்பில் இல்லை, தனக்கென்று தனி விண்ணப்பம் வைத்திருக்கிறது, அதில் நான்கே நான்கு செயல்பாடுகள்தான் கேட்கிறார்கள். (குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்று உறவினர்கள் நினைத்துக்கொள்வார்கள், சொல்லிவிடுங்கள், இது பாஸ்டன் பக்கத்தில் கேம்பிரிட்ஜில் இருப்பது.) நாலு இடம்தான் என்றால் எதை எழுதுவான் என்று தம்பியை இன்று ராத்திரி உட்கார வைத்துக் கேட்டுப் பாருங்கள். பதில் அதிலேயே பாதி வந்துவிடும்.

கேரம் அந்தப் பட்டியலில் ஒரு வரியாக வரட்டும், பரிசுப் பகுதியில் இன்னொரு வரி. வீடியோ வேண்டாம். நம்ம பக்கம் கேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும், நான் பழைய வண்ணாரப்பேட்டையில் தெருவுக்கு ரெண்டு போர்டு பார்த்து வளர்ந்தவள். ஆனால் 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தாரே காசிமா, அவர் நம்ம வடசென்னைப் பெண். தனியாக ஒரு கோப்பு இணைத்து விளையாட்டைக் காட்ட வேண்டும் என்றால் அந்த மாதிரி உயரம் இருக்க வேண்டும். மாவட்ட இரண்டாம் இடம் நல்ல சாதனைதான், ஒரு வரியில் சொன்னாலே அது புரியும்.

ஓவியங்கள். நீங்கள் அனுப்பியதில் மூன்று படங்கள் பார்த்தேன், கை நன்றாக ஓடுகிறது. ஆனாலும் கலைப் போர்ட்ஃபோலியோவாக, அதாவது படைப்புகளின் தொகுப்பாக, அனுப்ப வேண்டாம் என்றே சொல்வேன். பல கல்லூரிகளில் அதை ஓவியத் துறையில் இருக்கும் ஆசிரியர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பார்கள், அவர்கள் வருடக்கணக்கில் பயிற்சி எடுத்த பிள்ளைகளின் வேலையோடு வைத்துப் பார்ப்பார்கள். சுமார் என்று ஒரு குறிப்பு உள்ளே போவதைவிட ஒன்றும் போகாமல் இருப்பது நல்லது. ஒன்றே ஒன்று மட்டும் விதிவிலக்கு, இன்ஜினை வெட்டிப் பார்த்த மாதிரி குழாய்களுக்கு அம்புக்குறி போட்டு வரைந்திருக்கிறானே, அந்தப் பென்சில் படம். அதற்கு ஒரு இடம் இருக்கிறது, வருகிறேன்.

இப்போது அந்த நோட்டு. சும்மா உங்கள் பார்வைக்கு என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய எல்லாவற்றிலும் நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தது அதைத்தான். நீளக் கணக்கு நோட்டு, ஓரமெல்லாம் டீசல் கறை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நாலு பத்தி. ஏப்ரல் 19 என்று ஒரு பக்கம். இன்ஜின் சூடாகிறது என்று கோளாறு. அடுத்து, "அப்பா சொன்னது: கடல் தண்ணி பம்பு இம்பெல்லர் தேய்ஞ்சிருக்கும்." (இம்பெல்லர் என்றால் பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்.) அதற்குப் பக்கத்தில், "நான் நினைச்சது: ஃபில்டர்ல பிளாஸ்டிக் அடைச்சிருக்கும்." கடைசிப் பத்தியில், "திறந்து பார்த்தது: ரெண்டும்." அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "ஃபில்டர் அடைச்சதாலதான் இம்பெல்லர் காய்ஞ்சு ஓடித் தேய்ஞ்சிருக்கு."

தங்கச்சி, ஒரு பொறியியல் கல்லூரி ஒரு பதினேழு வயதுப் பையனிடம் எதைப் பார்க்க ஆசைப்படுமோ அது இந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. முதலில் யூகம், பிறகு திறந்து பார்த்தல், யூகம் எங்கே சரி எங்கே தப்பு என்று ஒளிக்காமல் எழுதுதல், கடைசியில் காரணத்துக்குப் பின்னால் இருக்கும் காரணம். யாரும் மார்க் போடப்போவதில்லை என்று தெரிந்தும் எழுதியிருக்கிறான். இதை அனுப்புங்கள்.

எப்படி அனுப்புவது என்றால், எம்.ஐ.டி.யில் ஏதாவது செய்து பார்க்கிற பிள்ளைகளுக்கென்றே மேக்கர் போர்ட்ஃபோலியோ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால். ஸ்லைடுரூம் என்ற தளத்தில் ஏற்ற வேண்டும், இரண்டு நிமிடத்துக்குள் ஒரு வீடியோ, சில படங்கள், தொழில்நுட்ப விவரத்துக்கு ஒரு பி.டி.எஃப்., கூடவே என்ன செய்தாய், ஏன் செய்தாய், யார் உதவினார்கள் என்ற மாதிரிக் கேள்விகள். பார்சல் வேண்டாம், எந்தக் கல்லூரியும் சாமானைக் கையில் வாங்கிப் பார்க்காது, அலாரம் படகிலேயே இருக்கட்டும், அங்கேதான் அதற்கு வேலை. போர்ட்ஃபோலியோவின் நாயகன் அலாரம். பி.டி.எஃப்.பில் அந்தப் பென்சில் படம், நோட்டில் இரண்டு அல்லது மூன்று பக்கம், ஒவ்வொன்றுக்கும் கீழே ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு. நோட்டை டைப் அடித்து அழகாக்க வேண்டாம். கறையோடு போகட்டும்.

வீடியோ விஷயத்தில் சித்தப்பா பையனிடம் பக்குவமாகப் பேசிவிடுங்கள். காசிமேட்டை மேலிருந்து ட்ரோனில் காட்டினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு நிமிடத்தில் இருபது வினாடி துறைமுகத்துக்கே போய்விடும், பின்னணி இசை வேறு போட்டால் தம்பி பேசுவது காதில் விழாது. துறைமுகப் பகுதியில் ட்ரோன் பறக்க விடுவதில் அனுமதிச் சிக்கலும் இருக்கிறது. சாதாரண போன் போதும், படுக்கை வசமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். விடியற்காலையில் ஏலச் சத்தம், அப்போது எடுக்காதீர்கள். மதியம் ரெண்டு மூணு மணிக்குக் கூட்டம் குறைந்திருக்கும். காற்று மைக்கில் அடிக்காமல் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் நின்று பேசட்டும்.

என் பெயர் இது, நான் இன்ன ஊர் என்று தொடங்க வேண்டாம், அது விண்ணப்பத்திலேயே இருக்கிறது. முதல் காட்சியிலேயே பக்கெட்டில் இருந்து தண்ணீரை ஊற்றட்டும், மிதவை மேலே ஏறட்டும், பைக் ஹாரன் அலறட்டும். பார்க்கிறவருக்கு அந்தப் பத்து வினாடியில் விஷயம் புரிந்துவிடும். அதற்குப் பிறகு தோற்றுப்போன முதல் அலாரத்தைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டும். நீங்கள் எழுதியிருந்த விவரம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது: முதலில் டாய்லெட் டேங்க் மிதவையை வைத்து, இரண்டு தகடு ஒன்றோடொன்று தொட்டால் ஹாரன் அடிக்கிற மாதிரி செய்தான், பத்தே நாளில் உப்புக் காற்றில் தகடு அரித்துச் சத்தமே வரவில்லை, அதைப் பொருத்திக்கொண்ட படகுக்காரர் திட்டிவிட்டார். அப்புறம்தான் மிதவையில் காந்தத்தை ஒட்டி, காந்தம் பக்கத்தில் வந்தால் தானாக மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்சை பி.வி.சி. குழாய்க்குள் வைத்து எம்சீல் போட்டு அடைத்தான், தண்ணீரும் படாது காற்றும் படாது. இப்போது மூன்று படகில் இருக்கிறது. இதில் தோற்ற கதையை மறைக்க வேண்டும் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், நல்லது மட்டும் காட்டு என்று. கேட்காதீர்கள். அரித்துப்போன அந்தத் தகட்டை கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து ஐந்து வினாடி காட்டினால் மற்றதெல்லாம் நம்பும்படி ஆகிவிடும். யார் உதவினார்கள் என்ற கேள்விக்கும் உள்ளதை உள்ளபடி எழுதட்டும், தாங்கியை வெல்டிங் செய்தது அப்பா என்றால் அப்பா என்றே. ஆங்கிலம் அவனுக்கு வருகிற மாதிரியே பேசட்டும். அப்பா ஒரு வரி தமிழில் பேசினால் கீழே எழுத்துப் போடலாம்.

மற்ற எல்லாக் கல்லூரிகளுக்கும் இந்த மேக்கர் போர்ட்ஃபோலியோ பொருந்தாது. ஒவ்வொரு கல்லூரியின் விதியும் வேறு, சிலர் வாங்குவார்கள், சிலர் அனுப்பாதே என்று வெளிப்படையாகவே போட்டிருப்பார்கள். அனுப்பாதே என்றால் அனுப்பக் கூடாது, நம்ம பையன் ஸ்பெஷல் என்று மெயிலில் தனியாக அனுப்புவது சொன்னதைக் கேட்காதவன் என்ற பெயரைத்தான் வாங்கித் தரும். அங்கெல்லாம் இந்த வேலையைச் செயல்பாட்டுப் பட்டியலிலேயே கொண்டு வந்துவிடலாம். குடும்பப் பொறுப்பு, சம்பளத்துக்குச் செய்த வேலை என்று அதில் தனி வகைகளே இருக்கின்றன. நம்ம பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை, கடையில் உட்கார்ந்ததையும் தண்ணி பிடித்ததையும் யாராவது எழுதுவார்களா என்று விட்டுவிடுகிறார்கள். எழுத வேண்டும்.

அதோடு காமன் ஆப்பில் கூடுதல் தகவல் என்று ஒரு பகுதி, இப்போது 300 வார்த்தை. முன்பு 650 இருந்தது, குறைத்துவிட்டார்கள். இன்னொரு கட்டுரை எழுதுகிற இடமாக இதை நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் உட்கார்ந்து படிக்கிறவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லாத ஒரு விஷயத்தை எழுத வேண்டும். உங்கள் வீட்டுக்கு அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, அப்போதுதான் படகையெல்லாம் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், மெக்கானிக்குக்கு வருடத்தில் பெரும் வேலை அந்த இரண்டு மாதம். மற்ற பிள்ளைகள் கோடைக்கால முகாம், இன்டர்ன்ஷிப் என்று எழுதும் இடத்தில் தம்பியின் பட்டியல் ஏன் காலியாக இருக்கிறது என்பதற்கு இதுதான் பதில். ஒன்பதாவதிலிருந்து ஒவ்வொரு கோடையும் எத்தனை மணிக்குப் போனான், எத்தனை இன்ஜின், என்னென்ன பொறுப்பு என்று எண்களோடு ஐந்தாறு வாக்கியம் போதும். 300 வார்த்தை இருக்கிறதே என்று நிரப்ப வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வீட்டில் தண்ணீர் நின்று புத்தகமெல்லாம் போனது என்று எழுதியிருந்தீர்கள், அந்த அரையாண்டு மார்க் இறங்கியதற்கு அது காரணம் என்றால் சிரமங்களைச் சொல்வதற்கென்று இருக்கும் தனிப் பகுதியில் இரண்டு வரி, கண்ணீர் இல்லாமல்.

லெட்டர்கள். கவுன்சிலர் வேண்டாம், நியூ ஜெர்சி டாக்டரும் வேண்டாம், இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிடுங்கள். தம்பி வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை அவர்கள். எம்.ஐ.டி. ஒரு கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியரிடமும், ஒரு மொழி அல்லது சமூக அறிவியல் மாதிரியான பாட ஆசிரியரிடமும் கடிதம் கேட்கிறது. மொழி என்றால் ஆங்கிலம் மட்டும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், தமிழ் ஐயாவும் எழுதலாம். அவர்தான் தம்பியை ஆறாவதிலிருந்து பார்க்கிறார் என்றால் அவரே எழுதட்டும், தமிழில் எழுதினால் ஆங்கில மொழிபெயர்ப்போடு பள்ளி அனுப்பட்டும். நம்ம பள்ளிகளில் வழக்கமாக ஒன்று சொல்வார்கள், "நீங்களே எழுதிக் கொண்டு வாங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." செய்யாதீர்கள். கடிதத்துக்குப் பதிலாக ஒரு தாளில் நடந்த சம்பவங்களை, தேதியோடு, வகுப்பறையில் நடந்தது, லேபில் நடந்தது என்று எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள், அதைப் பார்த்து அவருக்கே ஞாபகம் வந்து அவர் கையால் எழுதுவார். கூடுதலாக ஒரே ஒரு கடிதம் அனுமதிக்கிற கல்லூரிகளுக்கு, முதல் அலாரம் வேலை செய்யவில்லை என்று திட்டினாரே அந்தப் படகுக்காரர், இரண்டாவதையும் அவர்தானே பொருத்திக்கொண்டார், அவரைக் கேட்டுப் பாருங்கள். பத்து வரி போதும்.

இதைவிட முக்கியமான இன்னொரு பேப்பர் இருக்கிறது, அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. பள்ளியைப் பற்றி ஹெச்.எம். அனுப்ப வேண்டிய ஒரு பக்க விவரம். பிளஸ் டூ மொத்தம் 600 மார்க், எத்தனை பேர் படிக்கிறார்கள், மேற்படிப்புக்கு வழிகாட்ட ஸ்கூல் கவுன்சிலர் என்று தனி ஆள் கிடையாது, என்னென்ன பாடப் பிரிவுகள், இதற்கு முன் வெளிநாட்டுக்கு யாரும் விண்ணப்பித்ததில்லை என்றால் அதுவும். நம்ம பள்ளிகள் இதைச் செய்து பழக்கமில்லை, ஹெச்.எம். மேல் தப்பில்லை. சனிக்கிழமை ஒருநாள் நீங்கள் போய், விவரங்களைக் கேட்டு வாங்கி, அவர் முன்னாலேயே டைப் செய்து கொடுத்து, பள்ளி மெயிலில் இருந்து அவரே அனுப்பும்படி உட்கார்ந்து முடித்துவிட்டு வாருங்கள். பேப்பர் வேலையில் உங்களைவிடக் கை தேர்ந்தவர் அந்த வீட்டில் யாரும் இல்லை.

பட்டியலில் பிரின்ஸ்டன் இருந்தால் ஒன்று. பள்ளியில் எழுதி ஆசிரியர் திருத்திய ஒரு கட்டுரையை அவர்கள் கட்டாயமாகக் கேட்கிறார்கள், ஆங்கிலம் அல்லது வரலாறு மாதிரியான பாடத்தில். ஆம்ஹெர்ஸ்டில் அது ஒரு விருப்பத் தேர்வு. ஸ்டேட் போர்டில் அப்படிக் கட்டுரை எழுதவைப்பது அபூர்வம், அதனால் கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது. இப்போதே ஆங்கில ஆசிரியரிடம் சொல்லி ஒரு தலைப்பு வாங்கி எழுதி, சிவப்பு மை திருத்தத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். திருத்தம் நிறைய இருந்தாலும் பரவாயில்லை.

வருமானச் சான்றிதழ், அப்பாவின் வரவு செலவு இதெல்லாம் உதவித்தொகைக்கான தனிப் படிவத்தில் போகிறவை. கூடுதல் இணைப்பில் கலக்க வேண்டாம். விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்கு கேட்கலாம், கூச்சப்படாதீர்கள், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

நம்ம ஊர் கவுன்சிலிங்குக்கு இந்தக் கதை எதுவும் தேவையில்லை. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200க்கு வரும் கட்ஆஃப்தான் பேசும். சாதிச் சான்றிதழ் மாதிரி கேட்கிற சான்றிதழ்களைச் சரியாக வைத்தால் முடிந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் நிறைய வீடுகளில் குழம்புகிறார்கள். இங்கே முதல் பட்டதாரிச் சலுகை தம்பிக்குக் கிடைக்காது, நீங்கள் பி.காம். முடித்துவிட்டீர்கள், வீட்டில் முதல் பட்டதாரி நீங்கள். எய்டட் ஸ்கூல் என்பதால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டிலும் வரமாட்டான். அமெரிக்க விண்ணப்பத்தில் கணக்கு வேறு, அங்கே பொதுவாகப் பெற்றோர் பட்டம் வாங்கினார்களா என்பதைத்தான் பார்ப்பார்கள், அக்கா படித்ததைப் பார்ப்பதில்லை. அதனால் அங்கே அவன் முதல் தலைமுறை மாணவன், பெற்றோரின் படிப்பைக் கேட்கும் இடத்தில் எட்டாவது, ஐந்தாவது என்று இருப்பதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட்டு பத்தாவது என்று எழுதிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

எம்.ஐ.டி.க்கு எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. என்ற நுழைவுத் தேர்வு கட்டாயம், தேதி பதிவு செய்துவிட்டானா என்று இன்றைக்கே கேளுங்கள். முன்கூட்டிய சுற்று நவம்பர் 1, வழக்கமான சுற்று ஜனவரி முதல் வாரத்தில் முடியும். போர்ட்ஃபோலியோவுக்கான தேதியை அவர்கள் தளத்தில் தனியாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், கடைசி ராத்திரி வீடியோவை ஏற்ற உட்கார்ந்தால் நெட் நின்றுவிடும்.

அப்பாவிடம் அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள், அவர் கை, அவர் பட்டறை, அவர் வாடிக்கையாளர்களின் படகு எல்லாம் அதில் வருகிறது. படகின் எண்ணும் உரிமையாளர் பெயரும் தெரியும் இடத்தைக் கையால் மூடியோ பேப்பர் வைத்தோ மறைத்துவிடுங்கள். நோட்டுப் பக்கங்களை வெயிலில் வைத்து எடுத்தால் டீசல் கறை பளபளத்து எழுத்து தெரியாது, காலை நேரத்தில் ஜன்னல் ஓரம் விரித்து வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். ஏப்ரல் 19 பக்கம் கட்டாயம். மற்ற இரண்டு பக்கத்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும், அதில் ஒன்று அவன் யூகம் முழுக்கத் தப்பாகப் போன பக்கமாக இருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். வீடியோ முதல் தடவை எடுத்ததும், வெட்டாமல் ஒட்டாமல், அப்படியே எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.